சொந்த மடலுக்குப் பதிலளித்தல்: மின்னஞ்சல் மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று அனுப்பிய மடலில் ஒரு தேதியைத் தவறாக எழுதிவிட்டோம் என்பது இன்று காலை நினைவுக்கு வருகிறது. "அனுப்பியவை" கோப்புறையைத் திறந்து, அந்த மடலைத் தேர்ந்தெடுத்து, "பதிலளி" பொத்தானை அழுத்தி, திருத்தத்தை எழுதி அனுப்பிவிடுகிறோம். அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது நாம் பயன்படுத்தும் மென்பொருளைப் பொறுத்தது. சிலவற்றில் முதல் மடலைப் பெற்றவருக்கே போகிறது. சிலவற்றில் நமக்கே திரும்பி வந்து உள்பெட்டியில் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வேறுபாட்டைப் பற்றி, மென்பொருளை எழுதுவோரும் பயன்படுத்துவோரும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

தான் அனுப்பிய மடலுக்குத் தானே பதில் எழுதும் தேவை எப்போது வருகிறது?

நினைப்பதைவிட அடிக்கடி வருகிறது. இணைக்க மறந்த கோப்பை அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு வாரமாகியும் விடை வராததால் நினைவூட்ட வேண்டியிருக்கும். முன்பு கேட்ட கேள்விக்கு நாமே விடை கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அனுப்பியதை உடனே நிறுத்தும் வசதி சில சேவைகளில் உண்டு என்றாலும், ஜிமெயிலில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 30 வினாடிகள்தாம். பிழைகளோ 31ஆவது வினாடிக்குப் பிறகு கண்ணில் படுவதையே வழக்கமாகக் கொண்டிருக்கின்றன.

இந்தத் தருணங்கள் எதிலும் ஒருவர் "எனக்கு நானே பதில் எழுதப் போகிறேன்" என்று நினைப்பதில்லை. "அன்று எழுதியதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்கிறேன்" என்றே நினைக்கிறார்.

அப்படியானால் "பதிலளி" என்பதை அழுத்தியதும் பெறுநர் புலத்தில் யார் இருக்க வேண்டும்?

மூல மடலின் பெறுநர் புலத்தில் யார் இருந்தார்களோ அவர்களே இருக்க வேண்டும். மூல மடலை அனுப்பியவர் பயனரேயாக இருக்கும்போது, அனுப்புநர் புலத்தை எடுத்துப் பெறுநர் புலத்தில் போடும் வழக்கமான விதியை மென்பொருள் கைவிட்டு, மூல மடலின் பெறுநர்களைப் புதிய மடலின் பெறுநர்களாக அப்படியே கொண்டுவர வேண்டும். பின்வரும் விடைகள் எல்லாம் இந்த ஒரு விதியின் விளக்கங்களும் விதிவிலக்குகளுமே.

பதில் என்பது அனுப்பியவருக்குத்தானே? அனுப்பியவர் நான் என்றால், எனக்கு வருவதுதான் தர்க்கப்படி சரி அல்லவா?

நிரலில் எழுதப்பட்ட விதியின் தர்க்கப்படி சரி. அந்த விதி எதற்காக எழுதப்பட்டதோ அந்த நோக்கத்தின்படி தவறு. "அனுப்புநரை எடுத்துப் பெறுநர் ஆக்கு" என்பது ஒரு சுருக்குவழி. வந்த மடலை நாம் படிக்கும்போது, உரையாடலின் மறுபக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் அனுப்புநராகவே இருக்கிறார் என்பதால் அந்தச் சுருக்குவழி வேலை செய்கிறது. நாம் அனுப்பிய மடலில் மறுபக்கத்தில் இருப்பவர் பெறுநர். பக்கம் மாறியதைக் கவனிக்காமல் அதே சுருக்குவழியைப் பின்பற்றும் மென்பொருள், பயனர் சொன்னதைக் கேட்கிறதே தவிர அவர் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை.

பதிலளிக்கும் கட்டளையின் பிறப்பையே எடுத்துக்கொள்ளலாம். 1975ஆம் ஆண்டில் ஜான் விட்டல் உருவாக்கிய எம்எஸ்ஜி என்ற நிரலில்தான் அக்கட்டளை முதன்முதலில் இடம்பெற்றது என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அது தீர்த்துவைத்த சிக்கல், யாருக்கு எழுத வேண்டும் என்பதைப் பயனர் ஒவ்வொரு முறையும் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததுதான். சொந்த மடலுக்குப் பதிலளிக்கும்போது தன் முகவரியை அழித்துவிட்டு, மூல மடலுக்குப் போய், அங்கிருக்கும் முகவரிகளை நகலெடுத்து வந்து ஒட்ட வேண்டிய நிலையில் ஒரு மென்பொருள் இன்று பயனரை விடுகிறது என்றால், அந்தப் பழைய வேலையை மீண்டும் அவர் தலையில் கட்டுகிறது என்றே பொருள்.

தரநிலைகள் இதைப் பற்றி ஏதாவது சொல்கின்றனவா?

நேரடியாகச் சொல்வதில்லை. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆவணம், ஆர்.எஃப்.சி. எனப்படும் இணையத் தரநிலை ஆவண வரிசையில், 1982இல் ஆர்.எஃப்.சி. 822 ஆகவும், 2001இல் ஆர்.எஃப்.சி. 2822 ஆகவும், 2008இல் ஆர்.எஃப்.சி. 5322 ஆகவும் வெளிவந்தது. கடைசியாகக் குறிப்பிட்டதன் 3.6.3ஆம் பகுதி, பதில் மடலில் மூல மடலின் ஆசிரியர் முகவரியோ, பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்று குறிக்கும் ரிப்ளை-டூ புலம் இருந்தால் அதிலுள்ள முகவரியோ பெறுநர் புலத்தில் "இடம்பெறலாம்" என்கிறது. "இடம்பெற வேண்டும்" என்று சொல்லவில்லை. பதிலளிக்கும் கட்டளைகள் தாமாகவே முகவரிகளை நிரப்பும் விதம் அந்தந்த மென்பொருளைப் பொறுத்தது என்றும், அது அந்த ஆவணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்றும் ஒரு குறிப்பில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஆகவே "தரநிலையைப் பின்பற்றுகிறோம், அதனால்தான் மடல் உங்களுக்கே வருகிறது" என்று சொல்லும் மென்பொருளாளருக்கு அந்த ஆவணத்தில் அடைக்கலம் இல்லை.

இப்போதுள்ள மென்பொருள்களில் நடைமுறை என்ன?

ஜிமெயிலில் அனுப்பிய மடலுக்குப் பதிலளித்தால் மூலப் பெறுநரே பெறுநராக வருகிறார். முனையத்தில் (எழுத்துவடிவக் கட்டளைத் திரையில்) இயங்கும் மட் என்ற மின்னஞ்சல் நிரல் இதை வெளிப்படையான ஓர் அமைப்பாகவே வைத்திருக்கிறது: ரிப்ளை_செல்ஃப் என்ற அமைப்பை இயக்காத வரையில், சொந்த மடலுக்குப் பதிலளிக்கும் பயனர் அதன் பெறுநர்களுக்கே எழுத விரும்புகிறார் என்று அது எடுத்துக்கொள்கிறது. இயல்புநிலையில் அந்த அமைப்பு இயங்குவதில்லை. வேண்டுபவர் மாற்றிக்கொள்ளலாம், மாற்றாதவருக்கும் சரியானது நடக்கும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு முன்மாதிரியாகவே படுகிறது.

வேறு சில மென்பொருள்களில் பயனரின் முகவரிதான் வந்து நிற்கிறது. "அனைவருக்கும் பதிலளி" என்பதைப் பயன்படுத்துங்கள் என்று பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஒரு மாற்றுவழி மட்டுமே. நகல் புலத்தில் இருந்தவர்களையும் அது இழுத்து வந்துவிடும் என்பதால், தேவையற்ற பத்துப் பேருக்குத் திருத்தம் போய்ச் சேரும்.

மூல மடலில் பெறுநர்கள் ஐந்து பேர் இருந்தால், சாதாரணப் பதில் ஐவருக்கும் போக வேண்டுமா?

ஆம். ஐவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மென்பொருளுக்கு எந்த அடிப்படையும் இல்லை. பட்டியலில் முதலில் இருப்பவரே முதன்மையானவர் என்று கொள்ளும் யோசனையை அவ்வப்போது கேட்கிறேன். முகவரிகளைத் தட்டச்சு செய்யும் வரிசைக்கு எவரும் அவ்வளவு பொருள் வைப்பதில்லை.

"அனைவருக்கும் பதிலளி" என்பதற்கு அப்போது என்ன வேறுபாடு எஞ்சுகிறது?

நகல் புலம்தான் வேறுபாடு. சாதாரணப் பதிலில் பெறுநர்கள் மட்டும் வருவார்கள். அனைவருக்குமான பதிலில் பெறுநர்கள் பெறுநர் புலத்திலும், நகல் பெற்றவர்கள் நகல் புலத்திலும், மூல மடலில் இருந்த இடம் மாறாமல் வருவார்கள். வந்த மடலுக்குப் பதிலளிக்கும்போது பழைய பெறுநர்களை நகல் புலத்துக்குத் தள்ளுவது வழக்கம். அதே நிரல்வரிகளை இங்கும் ஓடவிட்டால் முதன்மைப் பெறுநர் நகலுக்குத் தள்ளப்பட்டு, பெறுநர் இடத்தில் நாமே அமர்ந்துவிடுவோம். மடல் உரியவருக்குப் போய்ச் சேரும் என்றாலும், தம்மைப் பார்த்துச் சொல்லப்படாத செய்தி என்று அவர் அதைக் கடந்துபோகக்கூடும்.

பயனரின் முகவரியை இரண்டு புலங்களிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். தமக்குத் தாமே நகல் அனுப்பிக்கொள்ளும் பழக்கமுள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஓர் அமைப்பு தனியாக இருக்கட்டும். மட் நிரலில் அதற்கு மீடூ என்று பெயர்.

மறைநகல் பெற்றவர்களை என்ன செய்வது?

இந்தப் பொருளிலேயே மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான். மற்றப் பெறுநர்களுக்குத் தெரியாமல் படி பெறுபவர்களைக் குறிக்கும் மறைநகல் புலம், வந்த மடல்களில் பொதுவாக இருப்பதில்லை; அனுப்பும் வழியிலேயே அது அகற்றப்பட்டுவிடும். ஆனால் அனுப்பியவருடைய கோப்புறையில் சேமிக்கப்படும் படியில் அது இருப்பது வழக்கம், ஏனெனில் யாருக்கெல்லாம் அனுப்பினோம் என்று பின்னாளில் தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே, பதிலளிக்கும் நிரல்வரிகள் மறைநகல் புலத்தை நேருக்கு நேர் சந்திக்கும் சூழல் பெரும்பாலும் சொந்த மடலுக்குப் பதிலளிக்கும்போதுதான் ஏற்படுகிறது. அதற்காகத் தனியே சிந்திக்காத மென்பொருள், எல்லா முகவரிகளையும் திரட்டிப் பட்டியலிடும்போது மறைந்திருந்தவர்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆர்.எஃப்.சி. 5322 இங்கே தெளிவாக இருக்கிறது: மூல மடலின் மறைநகல் முகவரிகள் பதில் மடலின் மறைநகல் புலத்தில் இடம்பெறலாம், பெறுநர் புலத்திலோ நகல் புலத்திலோ இடம்பெறக் கூடாது. என் பரிந்துரை இன்னும் ஒரு படி இறுக்கமானது. சாதாரணப் பதிலில் அவர்களைச் சேர்க்கவே வேண்டாம். அனைவருக்குமான பதிலில் மறைநகல் புலத்தை நிரப்பாமல் விட்டு, "மூல மடலை மறைநகலாகப் பெற்றவர்கள் 3 பேர், இதிலும் சேர்க்கவா?" என்று எழுதும் சாளரத்திலேயே ஒரு வரியில் கேட்கலாம். மேலாளருக்குத் தெரியட்டும் என்று ஒருமுறை மறைநகல் அனுப்பியவர், அடுத்தடுத்த சிறு திருத்தங்களையும் அவருக்கு அனுப்ப விரும்புவார் என்று ஊகிக்க இடமில்லை.

எல்லோரையும் மறைநகலில் போட்டு அனுப்பிய மடலாக இருந்தால்?

அப்படிப்பட்ட மடலில் பெறுநர் புலம் இல்லாமலோ, "வெளியிடப்படாத பெறுநர்கள்" என்ற பெயரில் ஒரு வெற்றுக் குழுவாகவோ, பயனரின் சொந்த முகவரியாகவோ இருக்கும். மூன்றிலும் மென்பொருள் மறைநகல் பட்டியலை மறைநகல் புலத்திலேயே கொண்டுவரலாம். இங்கே அவர்களைத் தவிர மறுபக்கம் என்று வேறு எவரும் இல்லை. ஆனால் எத்தனை பேருக்குப் போகப்போகிறது என்பதை எண்ணிக்கையோடு காட்ட வேண்டும்.

எனக்கு நானே குறிப்பாக அனுப்பிக்கொண்ட மடல் என்றால்?

அனுப்புநரும் பெறுநரும் ஒருவரே என்றால் பதிலும் அவருக்கே போக வேண்டும். "என் முகவரியை நீக்கு" என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் மென்பொருள், இங்கே வெற்றுப் பெறுநர் புலத்தைக் காட்டி நிற்கும். நீக்கிய பிறகு பட்டியலில் எவரும் மிஞ்சவில்லை என்றால், நீக்கியதைத் திரும்ப வைக்க வேண்டும்.

ஒரு மடல் "என்னுடையது" என்று மென்பொருள் எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்பதற்கு எளிமையான கேள்வி. ஆனால் நிரலாளரின் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் செலவாகும். ஒருவருக்கு ஒரு முகவரி மட்டும் இருக்கும் காலம் போய்விட்டது. அலுவலக முகவரி, தனி முகவரி, பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடப்படும் மடல்கள், ஒரே பெட்டிக்குள் வந்து விழும் மாற்றுப்பெயர்கள் என்று பல இருக்கும். மென்பொருளில் பதிவுசெய்த எல்லாக் கணக்குகளின் எல்லா அடையாளங்களோடும் அனுப்புநர் முகவரியை ஒப்பிட வேண்டும். மடல் எந்தக் கணக்கின் கோப்புறையில் இருக்கிறதோ அந்தக் கணக்கோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. பதிவுசெய்யாத முகவரிகளையும் பயனர் தாமே சேர்த்துக்கொள்ள ஒரு பட்டியல் இருக்க வேண்டும். மட் நிரலின் ஆல்டர்நேட்ஸ் கட்டளை அதற்கானதே.

ஒப்பிடும் முறையிலும் கவனம் தேவை. மடல் பரிமாற்றத்தை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 5321, முகவரியில் "@" குறிக்கு முந்தைய பகுதியில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருத வேண்டும் என்கிறது. அந்த வேறுபாட்டை நம்பி முகவரி அமைப்பது மடல் போக்குவரத்துக்கு இடையூறு என்றும் சொல்கிறது. மடலை வழங்குவதற்கு அந்தக் கண்டிப்பு பொருந்தலாம். "இது என் முகவரியா?" என்று கேட்பதற்கு, எழுத்து வேறுபாட்டைப் புறக்கணித்து ஒப்பிடுவதே நடைமுறைக்கு உகந்தது. கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்து எழுதும் துணைமுகவரிகளையும், அந்தச் சேவை அவற்றை ஏற்கிறது என்று தெரிந்தால், பயனருடையவை என்றே கொள்ள வேண்டும்.

என் முகவரியைப் போலியாகப் போட்டு யாரோ அனுப்பிய மடலுக்கும் இந்த விதி பொருந்திவிடாதா?

அனுப்புநர் புலத்தை மட்டும் பார்த்தால் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. மடலுக்குள் எழுதப்படும் பெறுநர் வரியும், அதை உண்மையில் யாரிடம் சேர்ப்பது என்று சேவையகங்கள் பார்க்கும் உறை முகவரியும் வெவ்வேறு. ஏமாற்றுபவர் ஒருவர் அனுப்புநராக உங்கள் முகவரியையும், பெறுநராகத் தம் முகவரியையும் எழுதி, உறையில் உங்கள் முகவரியை வைத்து அனுப்ப முடியும். "இது என்ன மடல்?" என்று நீங்கள் பதிலளித்தால் அது நேராக அவரிடம் போகும். ரிப்ளை-டூ புலத்தின் வழியாகவும் இதே ஏமாற்றைச் செய்யலாம் என்பதால் இது புதிதாகத் திறக்கும் ஓட்டை இல்லை என்பது உண்மைதான். அதற்காக இன்னொரு கதவையும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. மடல், அனுப்பியவற்றுக்கென்று குறிக்கப்பட்ட கோப்புறையில் இருந்தால் தயங்காமல் விதியைப் பின்பற்றலாம். ஐமேப் (மடல்களைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்க உதவும் நெறிமுறை) சேவையகங்கள் அந்தக் கோப்புறையை இன்னதென்று அடையாளம் காட்டும் வழியை 2011இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6154 வகுத்திருக்கிறது. வேறு கோப்புறையில் இருந்தால், அதே மெசேஜ்-ஐடி (மடலுக்கென்று இடப்படும் தனி அடையாளம்) கொண்ட படி அனுப்பியவற்றில் இருக்கிறதா என்று பார்க்கலாம். மென்பொருளே சேமித்த படிகளில், சேவையகங்கள் வழியில் இடும் ரிசீவ்டு வரிகள் பெரும்பாலும் இருக்காது என்பதும் ஒரு துப்பு. வெளியிலிருந்து வந்த மடல் என்றால், அனுப்புநர் போலியா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகளின் முடிவைப் பார்க்க வேண்டும். எதுவும் உறுதிப்படவில்லை என்றால், பழைய விதிப்படி அனுப்புநர் புலத்தையே, அதாவது உங்கள் முகவரியையே, பெறுநராகப் போட்டு நிறுத்துவது மேல். ஏமாற்றுக்காரருக்கு எழுதுவதைவிட நமக்கே எழுதிக்கொள்வது நல்லது.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் உதவிமைய முகவரிகளில் எப்படி?

அங்கே "நான்" என்பது மனிதரைக் குறிக்காமல் முகவரியைக் குறிக்கிறது. உடன் பணிபுரிபவர் காலையில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய மடலுக்கு மாலையில் இன்னொருவர் பதிலளி என்று அழுத்தினால், அது வாடிக்கையாளருக்கே போக வேண்டும். மேலாளர் பெயரில் உதவியாளர் அனுப்பும் மடல்களில் ஃப்ரம் (அனுப்புநர்) புலத்தில் மேலாளரும் சென்டர் (உண்மையில் அனுப்பியவர்) புலத்தில் உதவியாளரும் இருப்பார்கள். இருவரில் யார் பெட்டியில் அந்தப் படி இருந்தாலும், அவருடைய முகவரி இவ்விரண்டு புலங்களில் ஏதேனும் ஒன்றில் இருந்தால் அதை அவருடைய சொந்த மடலாகவே கொள்ளலாம்.

புதிய மடல் என் முகவரிகளில் எதிலிருந்து போக வேண்டும்?

மூல மடல் எதிலிருந்து போனதோ அதிலிருந்தே போக வேண்டும். வந்த மடலுக்குப் பதிலளிக்கும்போது, அது என் எந்த முகவரிக்கு வந்தது என்று பெறுநர் புலத்தில் தேடுவார்கள். சொந்த மடலில் அப்படித் தேடினால் ஒன்றும் கிடைக்காது, உடனே மென்பொருள் இயல்பான கணக்குக்குத் தாவிவிடும். அலுவலக மடலின் தொடர்ச்சி தனி முகவரியிலிருந்து போவது இப்படித்தான். பெறுநர் யார் என்பதைச் சரியாகச் செய்துவிட்டு இதைக் கோட்டைவிட்ட மென்பொருளை நானே பயன்படுத்தியிருக்கிறேன். மறுமுனையில் இருந்தவர், இது யாருடைய மடல் என்று தொலைபேசியில் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூல மடலில் நான் ரிப்ளை-டூ முகவரி ஒன்றைக் குறித்திருந்தால்?

அது மற்றவர்கள் எங்கே பதில் அனுப்ப வேண்டும் என்பதற்கான குறிப்பு. எனக்கான குறிப்பு இல்லை. எனவே சாதாரணப் பதிலில் பெறுநரைத் தீர்மானிக்க அதைப் பார்க்கக் கூடாது, ஆனால் புதிய மடலிலும் அதே ரிப்ளை-டூ புலத்தை எழுத வேண்டும். ஒரு குழுவின் பொதுமுகவரி அதில் இருந்து, பயனர் அனைவருக்கும் பதிலளித்தால், அந்த முகவரியையும் நகலில் சேர்ப்பது பொருத்தம். மற்றவர்களின் விடைகளை அந்தக் குழு பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்தத் திருத்தத்தை மட்டும் பார்க்காமல் போவது குழப்பத்தை உண்டாக்கும்.

மடலாடற்குழுவுக்கு (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் குழுவுக்கு) நான் எழுதிய மடல், குழுவின் வழியாக எனக்கே திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பதிலளித்தால்?

குழுவுக்கே போக வேண்டும். அனுப்புநர் நான், பெறுநர் குழு என்பதால் மேற்சொன்ன விதியே போதும். ஆனால் 2014 ஏப்ரலில் யாகூ, சோதனையில் தேறாத மடல்களை நிராகரிக்கச் சொல்லும் கடுமையான டிமார்க் கொள்கையை அறிவித்ததைத் தொடர்ந்து, பல குழு மென்பொருள்கள் அனுப்புநர் புலத்தில் குழுவின் முகவரியை எழுதி, எழுதியவரின் உண்மையான முகவரியை ரிப்ளை-டூ புலத்துக்கு மாற்றத் தொடங்கின. அத்தகைய மடலில் அனுப்புநர் "நான்" இல்லை. ரிப்ளை-டூ மட்டுமே நான். ரிப்ளை-டூ புலத்தைக் கண்டதும் அங்கே அனுப்பும் மென்பொருள், என் பதிலை என்னிடமே திருப்பிவிடும். ஆகவே முகவரிகளைத் திரட்டி முடித்த பிறகு, பெறுநராக மிஞ்சுவது பயனர் மட்டும்தானா என்று இறுதியாக ஒருமுறை பார்த்து, அப்படியானால் லிஸ்ட்-போஸ்ட் புலத்தில் உள்ள குழு முகவரியைப் பயன்படுத்த வேண்டும். 1998இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2369 அந்தப் புலத்தை வரையறுக்கிறது.

பதில் அதே இழையில் (ஒரே உரையாடலாகத் தொகுக்கப்படும் மடல் வரிசையில்) சேர என்ன செய்ய வேண்டும்?

வழக்கமான பதிலுக்குச் செய்வதையே செய்ய வேண்டும்: மூல மடலின் மெசேஜ்-ஐடியை, எந்த மடலுக்குப் பதில் என்று குறிக்கும் இன்-ரிப்ளை-டூ புலத்தில் எழுதி, இழையின் முந்தைய மடல்களைப் பட்டியலிடும் ரெஃபரன்சஸ் புலத்தின் இறுதியிலும் சேர்க்க வேண்டும். இதற்காகத்தான் பயனர் புதிய மடல் தொடங்காமல் பழைய மடலைத் தேடிப்போனார். சில அனுப்பும் சேவைகள் வழியில் மெசேஜ்-ஐடியை மாற்றி எழுதிவிடுவதுண்டு. அப்போது நம் படியில் இருக்கும் அடையாளமும் பெறுநரிடம் இருப்பதும் வேறாகி, இழை அறுந்துவிடும். சேவையகமே அனுப்பிய படியைச் சேமித்துத் தரும் இடங்களில், மென்பொருள் தன் படியை விட்டு அந்தப் படியைப் பயன்படுத்தினால் இதைத் தவிர்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நாம் பதிலளிக்கும் மடலுக்கு மறுபக்கத்திலிருந்து ஏற்கெனவே விடை வந்து, அதை நாம் பார்க்காமல் இருக்கலாம். "விடை தரவில்லையே" என்று நினைவூட்டல் எழுதுபவருக்கு, அந்த விடை உள்பெட்டியிலேயே கிடக்கிறது என்று மென்பொருள் சொல்லிவிட்டால் ஒரு சங்கடம் தவிர்க்கப்படும்.

பொருள் வரியில் "ரீ" என்பதைச் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கலாம், ஒருமுறை மட்டும். அது "இன் ரே" என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். "இந்தப் பொருளைக் குறித்து" என்று பொருள்படும் என்பதால், சொந்த மடலின் தொடர்ச்சிக்கும் தடையின்றிப் பொருந்துகிறது.

மூல மடலின் உரையை மேற்கோளாகச் சேர்க்கும்போது "நான் எழுதியது" என்று குறிப்பிடலாமா?

கூடாது. அந்த வரியைப் படிக்கப்போகிறவர் பெறுநர். அவருக்கு "நான்" என்பது அவரையே குறிப்பதாகத் தோன்றும். திரையில் உரையாடலைக் காட்டும்போது "நான்" என்று காட்டுவது வேறு, அனுப்பும் உரையில் எழுதுவது வேறு. பெயரையும் தேதியையுமே எழுத வேண்டும். மேற்கோளில் இருக்கும் பழைய கையொப்பத்தை நீக்கிவிடுவதும் நல்லது. ஒரே மடலில் ஒருவரின் கையொப்பம் இரண்டு முறை தேவையில்லை.

மூல மடலின் இணைப்புகளும் உடன் வர வேண்டுமா?

வேண்டாம், பெறுநரிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. மூல மடல் போய்ச் சேரவே இல்லை என்றாலோ, அதையே சற்று மாற்றிப் புதியவருக்கு அனுப்ப வேண்டும் என்றாலோ, அதற்குப் "புதியதாகத் திருத்து" என்ற வேறு கட்டளை பொருத்தமானது. அது இணைப்புகளையும் உரையையும் மேற்கோள் குறியின்றி அப்படியே கொண்டுவரும், இழையோடு சேர்க்காது.

பெறுநரைத் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்பிய மடல் என்றால்?

பதிலும் மறையாக்கத்தோடு போக வேண்டும். மூலப் பெறுநர்களின் திறவிகளை (மறையாக்கச் சாவிகளை) தேடி எடுக்க வேண்டும். என் திறவி மட்டும் இருப்பதைப் பார்த்து "எல்லாம் தயார்" என்று மென்பொருள் பச்சைக்குறி காட்டினால், பெறுநரால் அந்த மடலைத் திறக்க முடியாது.

பதிலளித்த பின் மூல மடலில் "பதிலளிக்கப்பட்டது" என்ற அடையாளத்தை இட வேண்டுமா?

இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஐமேப் நெறிமுறையில் இதற்கென ஒரு கொடி இருக்கிறது; எந்த மடலுக்கும் அதை இடலாம். ஆனால் அனுப்பியவை கோப்புறையில் அந்த அடையாளத்தைக் காணும் பயனர், மறுபக்கத்திலிருந்து விடை வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். நான் எழுதும் நிரலாக இருந்தால் கொடியை இட்டுவிட்டு, திரையில் அம்புக்குறிக்குப் பதிலாகத் "தொடர்ந்து எழுதியுள்ளீர்கள்" என்று சொற்களால் காட்டுவேன்.

உண்மையிலேயே எனக்கு மட்டும் பதில் அனுப்பிக்கொள்ள விரும்பினால்?

பெறுநர் புலத்தை மாற்றி எழுதிக்கொள்ளலாம். அடிக்கடி செய்பவர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கலாம், ஆனால் அது இயல்புநிலையாக இருக்கக் கூடாது. இரண்டு பக்கத் தவறுகளின் விலையும் சமமாக இல்லை என்று இங்கே எதிர்வாதம் வரும்: தவறுதலாக எனக்கே வந்தால் இழப்பு சிறியது, தவறுதலாகப் பிறருக்குப் போனால் திரும்பப் பெற முடியாது என்பார்கள். அந்தரங்கக் குறிப்பு வெளியே போகும் ஆபத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் உரிய நேரத்தில் போகாத திருத்தமும் இழப்புதான். அனுப்பியாயிற்று என்று பயனர் நம்பிக்கொண்டிருப்பதால், அந்த இழப்பு வெளியே தெரியவும் நாளாகும்.

இருவருடைய கவலைக்கும் ஒரே மருந்து, பெறுநர் வரியைச் சுருக்கி மறைக்காமல் இருப்பதே. சிறிய திரைகளில் இடத்தை மிச்சப்படுத்த, எழுதும் பகுதியை மட்டும் காட்டிப் பெறுநர்களை ஓர் அம்புக்குறிக்குள் ஒளித்துவைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சொந்த மடலுக்கான பதிலில் மட்டுமாவது அந்த வரி விரிந்தே இருக்க வேண்டும். "மூலப் பெறுநர்களுக்கு" என்ற சிறு குறிப்பும், அதைத் தொட்டால் "எனக்கு மட்டும்" என்று மாறும் வசதியும் அதன் அருகிலேயே இருக்கலாம்.